உலைக்கு முதுகு

பெஞ்சுகளை எல்லாம் திருப்பிப் போட்டிருக்கிறான். ஒரு பெஞ்சு மட்டும் இப்படி இருந்தால் கூலியாள் கவனிக்கவில்லை என்று விட்டுவிடலாம். மூடிப்போன இரும்பாலையின் மாதிரி உலையைச் சுற்றிப் பிறை போல வளைத்துப் போட்ட அத்தனை பெஞ்சும் உலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே உள்ள கம்பி வேலியையும் வேலிக்கு அப்பால் லாரிகள் ஓடும் புறவழிச் சாலையையும் பார்க்கின்றன. சாய்மானம் வைத்த சிமெண்டு பெஞ்சு. திரும்பி உட்காரவும் வழியில்லை. உலையைப் பார்க்க வேண்டுமானால் ஒன்று கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும், அல்லது எழுந்து நிற்க வேண்டும். எழுபத்து நான்கு வயதில் இரண்டும் எனக்கு உவப்பான காரியங்கள் அல்ல. இந்தப் பூங்காவை வரைந்தவன் என் மகன் அறவாழி. கட்டடக்கலை படித்தவன், பரிசு வாங்கியவன், உட்காருகிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று மட்டும் தெரியாதவன். தெரிந்தே போட்டிருந்தால் அது இன்னும் மோசம். இருட்டியதும் உலைக்கு விளக்குப் போட்டுச் சோதிக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன், வேலியைப் பார்த்தபடி. நேற்று போனில் கூப்பிட்டான். சாப்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். எங்கள் பேச்சு வழக்கமாக அந்த இடத்தில் முடிந்துவிடும். நேற்று முடியவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் உலைக்கு லைட் போட்டுப் பாக்கறோம்ப்பா. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதுக்கு முன்னாடி நீங்க வந்து நிக்கணும்" என்றான். "நின்னு?" என்றேன். "நில்லுங்க. அவ்வளவுதான்" என்றான். நின்று பார்க்கச் சொல்கிறான். வேறு எதற்கு ஒருவனை உலைக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்வார்கள்? விழா முடிந்த மறுநாள் குடும்பத்தோடு மஸ்கட் போகிறான். திரும்பி எப்போது என்று கேட்டதற்கு, "பாக்கலாம்ப்பா" என்றான். அவன் பார்க்கலாம். எனக்குத்தான் அவ்வளவு அவகாசம் இருக்கும் என்று தோன்றவில்லை. ஆகவே இன்றைக்கு நான் பார்த்தாக வேண்டும். அவன் செய்த ஒன்றை, அவன் கண்ணெதிரே, நேராக. அவன் பிறந்ததிலிருந்து நான் ஒரு தடவைகூடச் செய்யாத காரியம் அது. செய்யாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் மேல்தான் இப்போது புல் வளர்த்திருக்கிறார்கள்.

நல்ல புல். தண்ணீர் தெளிக்கும் குழாய் தானே சுற்றுகிறது. குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் பாய் விரித்துப் புளிசாதம் சாப்பிடுகிறது. அது எங்கள் ஆலைக் காலனியின் பொதுக் கழிப்பறை இருந்த இடம். வரிசையாகக் கதவில்லாத அறைகள், காலையில் வாளியோடு ஒரு கூட்டம். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை, அந்த அம்மாள் அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்ட அழகைக் கெடுக்க மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணமாகப் போகும் ஜோடி ஒன்று செயற்கைக் குளத்தருகே போட்டோ எடுத்துக்கொள்கிறது. அது பிணத்தைக் கிடத்தும் கொட்டகை. பெண் சிரித்தபடி சாய்கிறாள், போட்டோக்காரன் "இன்னும் கொஞ்சம் சாஞ்சுக்கம்மா" என்கிறான், உலைக்குக் காற்று ஊதும் அறையில் இருந்த எங்கள் மாரிமுத்து வெந்து போய் அதே இடத்தில் அப்படித்தான் சாய்ந்து கிடந்தான். குழந்தைகள் சறுக்கி விளையாடும் குன்று, குன்றே அல்ல, கிட்டம். இரும்பிலிருந்து பிரிந்து வரும் கசடை ஆண்டுக்கணக்கில் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. அதன் மேல் செம்மண் போட்டுப் புல் பதித்து "காட்சிமுனை" என்று பலகை வைத்துவிட்டார்கள். பலகைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இருட்டிவிடும். வாசலில் "பண்டைய உருக்காலை வளாகம்" என்று எழுதியிருக்கிறது. இங்கே உருக்கு ஒருநாளும் செய்யவில்லை, வார்ப்பிரும்புதான். உருக்குக்கும் வார்ப்பிரும்புக்கும் உள்ள வித்தியாசம் வெல்லத்துக்கும் பாகுக்கும் உள்ளது. அது போகட்டும், நான் வேலை பார்த்த இடம் பண்டையது என்றால் நான் என்ன, முதுமக்கள் தாழியா? உள்ளே வரும்போது காவலுக்கு நிற்கும் ஜெபமணி என்ற பெண் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தடுத்தாள். "தாத்தா, உலைப் பக்கம் மட்டும் போகக் கூடாது. அது இன்னும் திறக்கலை." "திறக்காததனாலதான் வந்திருக்கேன்." "அப்படி நீங்க யாரு?" "இதைக் கட்டினவனோட அப்பன்." அவள் விசிலை எடுத்தாள். "அட, இஞ்சினியர் சாரோட அப்பாவா? அப்ப நீங்களாச்சும் சொல்லுங்க சாமி. பெஞ்செல்லாம் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டா என்ன? வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாக்கறவங்ககூட என்னையத்தான் கேக்கறாங்க, எதுக்கும்மா இப்படி முதுகைக் காட்டி வெச்சிருக்கீங்கன்னு. சார்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு." சிரிக்கிறானாம். என்னிடம் சிரிப்பதில்லை. இதை வரைவதற்கு முன் பழைய உலை ஆட்களை எல்லாம் வீடு வீடாகத் தேடிப் போய், காபி குடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் பேசினான் என்று கேள்வி. ஓமலூரில் பேத்தி வீட்டில் கிடக்கும் கண் தெரியாத சடையனிடம்கூடப் போயிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் மாதிரி எடுத்தவன், காலனிப் படிப்பகத்தில் நல்ல புத்தகங்களைச் சேர்த்து வைத்தவன், இந்த உலையைப் பற்றி முழு வாக்கியத்தில் பேசத் தெரிந்த ஒரே மனிதன் உயிரோடு இருக்கிறேன். என்னை வந்து நிற்கச் சொல்கிறான்.

பார்க்க வேண்டும். எழுந்து திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், இதில் என்ன பெரிய மலை. மற்ற தகப்பன்மார் தினமும் செய்கிறார்கள். ஆனால் மற்ற தகப்பன்மார் இருசப்பன் மேஸ்திரியிடம் வேலை கற்றவர்கள் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். உலையின் அடிவாயைக் கம்பியால் குத்தித் திறந்தார்கள். இரும்பு வந்தது. வெள்ளை. அந்த வெள்ளையைச் சொல்ல எனக்கு இன்றுவரை உவமை கிடைக்கவில்லை. புலவர்கள் உலைக்களத்தை எத்தனையோ தடவை உவமையாக்கியிருக்கிறார்கள், உள்ளே வந்து நின்றிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிடரியில் ஓர் அடி விழுந்தது. "திரும்புடா. நல்ல இரும்பை எவனாச்சும் வெறிச்சுப் பாப்பானா?" சுற்றிலும் பார்த்தால் அத்தனை பேரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அறுபது எழுபது ஆட்கள், வியர்வை பிசுபிசுத்த முதுகுகள், அந்த முதுகுகளின் மேல் வெளிச்சம் ஓடுகிறது. மணல் பாத்திகளில் இரும்பு நிறைந்து வெள்ளை போய்ச் சிவந்து கறுக்கும் வரை ஒருவரும் திரும்பவில்லை. இருசப்பனின் வியாக்கியானம் என்னவென்றால், நல்ல இரும்பு புதுப்பெண் மாதிரி, பத்துப் பேர் முறைத்தால் கூசிச் சுண்டிவிடும். என் வியாக்கியானம் வேறு. நல்ல இரும்பு கண்ணைப் பொசுக்கும், ஆகவே திரும்பினார்கள். சூடு பற்றாத கெட்ட இரும்பு மங்கிய சிவப்பாக வரும், அதைக் கண் கூசாமல் பார்க்கலாம், ஆகவே பார்த்தார்கள். கண்ணுக்காகச் செய்தது நாளடைவில் மரியாதை ஆகிவிட்டது. எந்த வியாக்கியானமானாலும் சட்டம் ஒன்றுதான். நல்லதற்கு முதுகு. கெட்டதற்குத்தான் முகம். இரும்பு கெட்டு வந்தால் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். எல்லோரும் கிட்டே வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தியைச் சுற்றி நின்று பார்ப்பார்கள், எழவு வீட்டில் பார்ப்பதைப் போல. அன்றைக்கு உலையின் வாயைத் திறந்தவன் எவனோ அவன்தான் கடைசியில் "ஆறட்டும்" என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது. அவன் சொன்ன பிறகுதான் கலைவார்கள். ஒரு தடவை புது சூப்பரின்டெண்டெண்ட், எங்கோ படித்துவிட்டு வந்த இளைஞன், பளிச்சென்று வந்த இரும்பைக் கண்டு கைதட்டி "பாருங்கள், எல்லோரும் பாருங்கள்" என்று கூவினான். இருசப்பன் அவன் தோளைப் பிடித்துப் பரிவோடு திருப்பிவிட்டார், திருஷ்டிப் பூசணியைத் திருப்பி வைப்பதைப் போல. "சார் புதுசு" என்று எங்களிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்பது போல, உலையிடம்.

கடைசி இரும்பு ஞாபகம் வருகிறது. வர வேண்டாம் என்றுதான் இருந்தேன், வேலியைப் பார்த்துக்கொண்டு எதை நினைப்பது. மூடுவது என்று முடிவாகிவிட்டது. கம்பெனி கடைசி வார்ப்பைச் சடங்காக்க நினைத்தது. பந்தல் போட்டு, அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டு, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, உலைக்கு மாலை போட்டு. உலைக்கு மாலை போட்ட மடையனை நான் கண்ணால் கண்டேன், போட்ட வேகத்தில் அது கருகி விழுந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குடும்பத்தாரை உள்ளே விட்டார்கள். என் மனைவி தனபாக்கியம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அறவாழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான், நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தான், காலில் புது ரப்பர் செருப்பு. இருசப்பன்தான் உலையின் வாயைத் திறந்தார். வந்தது பாருங்கள் ஓர் இரும்பு. அந்த உலையின் ஆயுளில் அப்படி ஒரு வெள்ளை வந்ததில்லை, போகிறவள் கடைசியாகச் சீவிமுடித்துக்கொண்டு நிற்பதைப் போல. அத்தனை ஆட்களும் ஒரே அசைவாகத் திரும்பினோம். உலைக்கு முதுகு, பந்தலுக்கு முகம். பந்தலில் இருந்தவர்களின் முகம் மாறுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவமானம் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். எவரும் விளக்கவில்லை, விளக்குவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டை அப்படியே நிறுத்திவிட்டார்கள், அண்டாவோடு பிரியாணி வாசலைத் தாண்டிப் போவதை வாசத்தால் அறிந்தோம். மறுநாள் பத்திரிகையில், தொழிலாளர்கள் முதுகைக் காட்டி நூதனப் போராட்டம். வாழ்நாளில் ஓர் உலைக்கு நாங்கள் செய்த ஆகப் பெரிய மரியாதை, ஊருக்குப் போராட்டமாகப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் திரும்பி நின்றபோது அறவாழி அம்மாவின் புடவையை இழுத்து ஏதோ கேட்டான். அவள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். ஊதுகாற்றின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பேசாமல் இரு என்றிருப்பாள். அவன் என்னைப் பார்த்தான், என் முகத்தை. பிறகு என்ன நினைத்தானோ, செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவனும் திரும்பி நின்றான். குழந்தைகள் பெரியவர்கள் செய்வதைச் செய்யும்.

உலை போயிற்று, சட்டம் என்னோடு வந்துவிட்டது. இதை யாரிடம் சொல்லி என்ன. அவன் தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு வீடு செய்தான், பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு. மாடிப்படி, கைப்பிடிச் சுவர், மழைநீர் போகத் தாழ்வாரம் எல்லாம் வைத்து. வகுப்பறைக்குள் போனேன். ஒரே ஒரு நொடிதான் கண்ணில் பட்டது, நல்ல வேலை, உடனே திரும்பிச் சுவரைப் பார்த்து, அங்கே ஒட்டியிருந்த படத்தில் கடற்கரைப் பட்டினங்களின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பதைப் பற்றி ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை. உடம்பு திரும்பிவிட்டது. பிடரியில் இருசப்பனின் கை. பட்டம் வாங்கிய அன்று மேடையில் அவன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாயருகே நின்றேன். கல்யாணத்தில் அவன் தாலி கட்டும்போது நாகஸ்வரக்காரர் பக்கம் திரும்பி நின்றேன். பெண் வீட்டார் எனக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று ஒரு வருடம் பேசினார்கள். தனபாக்கியம்தான் கேட்பாள். "உங்க உலை ஞாயமெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு? பெத்த பையனைக் கண்ணாரப் பாத்தா அவன் என்ன சுண்டியா போயிடுவான்?" அவளுக்குத் தெரியும். அவளிடம் மட்டும், கல்யாணமான புதிதில், எதற்கு என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறீர்கள் என்று அவள் அழுத அன்றைக்கு, சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு நான் திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் சிரிப்பாள். அவனுக்குத் தெரியாது. தெரியாதவனுக்கு அது வெறும் முதுகு. பத்து வயதிலிருந்து ஒருவன் தன் அப்பனின் முதுகையே பார்த்துக்கொண்டு வளர்ந்தால் என்ன ஆவான்? மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறவன் ஆவான். மஸ்கட் போகிறவன் ஆவான்.

தனபாக்கியத்துக்கு ஆஸ்பத்திரியில் கடைசி மாதம். அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து விளக்கு அணைக்கும்வரை, கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு, வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ஒருநாள் கண்ணைத் திறந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்தாள். பிறகு, உதடு காய்ந்திருந்தது, சிரித்தாள் என்றே நினைக்கிறேன், "ஏங்க இப்படிப் பாக்கறீங்க? அவ்வளவு மோசமாவா வந்திருக்கேன்?" என்றாள். நான் அப்போதாவது திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால் பொய். பார்த்ததால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்து எந்தப் பக்கமும் அசையவில்லை. அறவாழி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். உரித்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நர்ஸ் வரும்வரை. எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. பெற்றவள் கிடக்கிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள், அவளைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டைப் பார்க்கிறான், கல்நெஞ்சன், யாரைக் கொண்டு பிறந்தான் என்று நினைத்தேன். அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. மருந்தின் வேலை.

போட்டோ ஜோடி கிளம்பிவிட்டது. புளிசாதக் குடும்பம் பாயை உதறுகிறது. வேலியில் ஓணான் ஒன்று தலையாட்டிக்கொண்டு என் யோசனைகளை எல்லாம் ஆமோதிக்கிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்து அறுத்தாகிவிட்டது. உலை ஆட்கள் எல்லோருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர், நெருப்பைப் பார்த்துப் பார்த்து. நெருப்புக்கு முதுகைக் காட்டியே வாழ்ந்த எனக்கும் வந்தது, நியாயத்தைப் பாருங்கள். வரும் வழியில் உலையை ஓரக்கண்ணால் பார்த்தேன், விளக்கில்லாதபோது பார்க்கலாம், அதில் குற்றமில்லை. கண்ணாடி இழையில் செய்த உலை. அசலின் பாதி உயரம், கல் மாதிரி வண்ணம், துருவுக்குக்கூட வண்ணம்; துருவை விலை கொடுத்து வாங்கிப் பூசிய முதல் ஊர் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அடிவாயை இடது கைப் பக்கம் தாழ்த்தி, சரியான இடத்தில் வைத்திருந்தான். வாய்க்காலின் வளைவு சரி. அந்த வளைவைச் சடையன் சொல்லியிருப்பான். இந்த இடத்தில்தான் பயம் வருகிறது. ஒருவேளை நன்றாக வந்துவிட்டால்? விளக்கைப் போட்டதும், கண்ணாடி இழையோ கருமாந்திரமோ, அது நன்றாக இருந்துவிட்டால், என் உடம்பு தானே திரும்பிவிடும், அறுபது முதுகுகளோடு சேர்ந்து, அவன் கண்ணெதிரே, கடைசித் தடவையாக. அவன் அந்த முதுகை எடுத்துக்கொண்டு மஸ்கட் போவான். ஆகவே நன்றாக இருக்கக் கூடாது. எந்தத் தகப்பனாவது இப்படி வேண்டிக்கொள்வானா? நான் வேண்டிக்கொள்கிறேன். மட்டமாக வரட்டும், அப்போதுதான் கண் கொட்டாமல் பார்க்க முடியும். பார்த்தால் அவனுக்குச் சந்தோஷம். என் சட்டப்படி நான் உண்மையைச் சொல்லியிருப்பேன், அவன் கணக்கில் அது பாராட்டு. இருவருக்கும் நஷ்டமில்லை. இப்படி ஒரு குறும்பை இந்த வயதில் யோசிக்க முடிகிறதே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"வந்துட்டீங்களா?" பின்னாலிருந்து அவன் குரல். பெஞ்சைச் சுற்றி வந்து முன்னால் நின்றான். சட்டையில் சிமெண்டுத் தூசி, தலையில் முன்பக்கம் நரை, எனக்குத் தெரியாமல் எப்போது வந்தது. "மாத்திரை?" "போட்டாச்சு." "காபி வாங்கியாரச் சொல்லட்டுங்களா?" "வேண்டாம். இந்தப் பெஞ்சு ஏன் இப்படி இருக்கு?" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை. "எப்படி?" "முதுகைக் காட்டிட்டு." அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அது அப்படித்தான்ப்பா" என்றான், ஜெபமணி சொன்ன அந்தச் சிரிப்பு உதட்டோரம் வந்து நின்றது. உலைக்குப் பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் பாஷா, "போடட்டுமா சார்? கொசு தூக்கிட்டுப் போவுது" என்று கத்தினார். "போடுங்க பாய்" என்றான். எழுந்தேன். முழங்கால் கிரீச்சிட்டது. சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். உலை எரிந்தது. எரிந்தது என்று சொல்லக் கூடாது, ஒளிர்ந்தது, ஆரஞ்சாக. அடிவாயிலிருந்து வாய்க்கால் நெடுகச் சிவப்பு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின, நகைக்கடை வாசலில் தீபாவளிக்கு ஓடுமே அதைப் போல. மங்கிய சிவப்பு. கண் துளியும் கூசவில்லை. அப்பாடா என்றிருந்தது. பார்த்தேன். உச்சியிலிருந்து அடிவரை, வாய், வாய்க்கால், பாத்திகள், ஒன்று விடாமல், அவனுக்குத் தெரியும்படி, ஆசையோடு பார்ப்பது போலப் பார்த்தேன். அவன் உலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மலரும் என்று காத்திருந்தேன். அது மலரவில்லை. உதட்டோரச் சிரிப்பு மெல்ல இறங்கியது. வந்து என் பக்கத்தில் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனும் உலையைப் பார்த்தான். பாஷா வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க முன்னால் வந்து நின்றார், ஜெபமணியும் வந்து நின்றாள், நாங்கள் நால்வரும் அந்தச் சிவப்பைச் சுற்றி நின்று பார்த்தோம். பிறகு அறவாழி, யாருக்கும் இல்லாமல், தாழ்ந்த குரலில், "ஆறட்டும்" என்றான்.

பாஷா அதை அணைக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய் அணைத்தார். இருட்டில் நின்றேன். சடையன் சொல்லியிருப்பான். இல்லை, சடையன் இல்லை. கடைசி இரும்பு வந்த அன்றைக்குத் தனபாக்கியம் குனிந்து அவன் காதில் சொன்னாள். செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பி நின்றான். அப்படியானால் தீப்பெட்டி வீடு. அப்படியானால் தண்ணீர்க் குழாய், நாகஸ்வரம். அப்படியானால் அந்த ஜன்னல், அவள் முகத்தில் அந்தத் தெளிவு. எல்லாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை, இன்றைக்கு, எழுந்து, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, முகத்தைக் காட்டிவிட்டேன். இருட்டில் பெஞ்சுகள் மட்டும் வெளிறித் தெரிந்தன, பிறை போல, அறுபது எழுபது பேர் உட்காரலாம், அத்தனையும் உலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "போலாங்களாப்பா?" என்றான். குரலில் குறை ஒன்றுமில்லை. மாத்திரை போட்டீங்களா என்று கேட்கும் குரல். "மாத்தணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடலாம். கலர்தான் சரியில்லை, எனக்கே தெரியுது" என்றான். பெஞ்சின் முன்பக்கம் சுற்றி வந்து, வேலியைப் பார்த்து உட்கார்ந்தேன். "இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றேன். "எதுக்கு?" "போடச் சொல்லு." கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன, என் நிழல் எனக்கு முன்னால் புல்லில் நீண்டு விழுந்தது. முதுகில் சூடு இல்லை. உடம்பை நிமிர்த்தி, அசையாமல், அந்தச் சிவப்பு முழுவதும் முதுகில் விழும்படி உட்கார்ந்திருந்தேன். அவன் பின்னால் எங்கோ நிற்கிறான். பார்க்கிறானா, பாஷாவிடம் போய்விட்டானா தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் திரும்ப வேண்டும்.